வாரம் ஒரு ஊசிதானே, சீட்டு எதற்கு?

கேள்வி: அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி, 14 ஜூன் 2025

வயது 34, எடை 92, உயரம் ஐந்தடி ஆறங்குலம். எடை குறைக்கிற வார ஊசியை என் சித்தப்பா பையன் போடுகிறான். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டான். எங்கள் பக்கத்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். ஒரு குப்பியை நாங்கள் இருவரும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டால் செலவும் பாதி. வாரம் ஒரு ஊசிதானே, என்ன வந்துவிடப் போகிறது?

14 ஜூன், இரவு

வேண்டாம் தம்பி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம்.

நானும் அந்த ஊசிக்காரன்தான். மருந்தின் பெயர் டிர்செபடைட், பெட்டியில் மௌன்ஜாரோ என்று இருக்கும். இந்த மார்ச்சில்தான் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை முதல் ஊசி, நாளையோடு பதினொன்று. 104 கிலோவில் ஆரம்பித்தேன், இன்று காலை 97.4. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க வெள்ளியை மில்லிகிராம் சுத்தமாக நிறுக்கிறவன், தன் உடம்பை இருபது வருடம் தராசில் ஏற்றவே இல்லை.

குப்பி விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரே வேளைக்கான குப்பி. பலமுறை குத்தி எடுக்கிற மருந்துகளில் கிருமி வளராமல் இருக்க ஒரு பொருள் சேர்ப்பார்கள், இதில் அது கிடையாது. பாதியை எடுத்துவிட்டு மீதியை அடுத்த வாரத்துக்கு வைப்பது, திறந்த காயத்தை ஃபிரிட்ஜில் வைப்பது மாதிரி. அதிலும் ஆரம்ப அளவே இரண்டரை மில்லிதான். வயிறு பழகுவதற்காக வைத்த அளவு அது, எடை குறைக்க வைத்ததல்ல. அதிலும் பாதி போட்டு என்ன மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? அந்த ஆரம்பக் குப்பி இந்த 2025 ஜூனில் 3,500 ரூபாய், மாதத்துக்கு நாலு, 14,000. எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது.

15 ஜூன், காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் ‘இரண்டரை மில்லி’ என்று எழுதிவிட்டேன். மில்லிகிராம். திருத்தாமல் விட்டால் யாராவது அப்படியே சிரிஞ்சில் எடுத்துவிடுவார்கள்.

குப்பியில் இருக்கும் திரவம் மொத்தமே அரை மில்லி. அதற்குள் 2.5 மில்லிகிராம் மருந்து. 5 மில்லிகிராம் குப்பியிலும் அதே அரை மில்லிதான், சரக்கு மட்டும் கெட்டி. U-100 என்று போட்ட இன்சுலின் சிரிஞ்சில் அரை மில்லி என்பது 50 யூனிட் கோடு, U-40 சிரிஞ்சில் அதே அரை மில்லி 20 யூனிட். மில்லி வேறு, மில்லிகிராம் வேறு, யூனிட் வேறு. அமெரிக்காவில் கடைகளில் கலந்து கொடுத்த செமாகுளுடைட்டை (இதே மாதிரி இன்னொரு வார ஊசி) வாங்கியவர்கள் இந்த மூன்றில் குழம்பிப் பல மடங்கு ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2024இல் அங்கே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. பட்டறையில் ஒரு புள்ளி தள்ளினால் காசு போகும். இங்கே அப்படி இல்லை.

18 ஜூன்

சீட்டு எதற்கு என்று இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சீட்டு எழுதுமுன் என்னிடம் டாக்டர் கேட்டவற்றைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்ததா? அதில் மெடுல்லரி என்று ஒரு வகை உண்டு. எலிகளுக்கு இந்த மருந்து கொடுத்தபோது அந்தச் செல்களில் கட்டி வந்தது. மனிதருக்கு வருமா என்பது உறுதியாகவில்லை, ஆனாலும் அந்த வகை குடும்பத்தில் இருந்தால் இந்த ஊசி கிடையாது. கணையம் வீங்கிய வரலாறு உண்டா? பித்தப்பையில் கல் உண்டா? சர்க்கரை இருந்தால் கண்ணின் விழித்திரையைப் பார்த்தாயிற்றா? பல வருடம் ஏறிக்கிடந்த சர்க்கரை மடமடவென இறங்கும்போது, ஏற்கனவே கெட்டிருக்கும் கண் கொஞ்ச நாளைக்கு இன்னும் மோசமாகலாமாம். எனக்குக் கண் பார்த்துவிட்டுத்தான் சீட்டு வந்தது.

பெண்களுக்கு ஒன்று. ஒரு தங்கை தனியாகக் கேட்டதால் பொதுவில் எழுதுகிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் இது கூடாது. பிள்ளைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே நிறுத்த வேண்டும், செமாகுளுடைட் என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பு. டிர்செபடைட் போடும்போது கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம். அதனால் ஆரம்பித்த நாலு வாரமும், ஒவ்வொரு முறை அளவு ஏற்றிய பின் நாலு வாரமும் வேறொரு தடுப்பும் வேண்டும்.

22 ஜூன்

ஊசி போட்டால் சுகர் இறங்கி மயக்கம் வருமா என்று ஒருவர். வரும். எனக்கு வந்தது, அதுவும் ஏற்காடு மலைப்பாதையில்.

மே கடைசியில் ஒரு ஞாயிறு, கோடை விழா சமயம். 5 மில்லிகிராமுக்கு ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது. காலையில் சுகர் மாத்திரை போட்டேன், பசி என்று ஒன்று இல்லவே இல்லை, மேலே போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்பிவிட்டோம். கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, வண்டி வரிசையில் ஊர்ந்து ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதா பன்னிரண்டாவதா, ஸ்டியரிங்கில் இருந்த என் விரல் தந்தி அடிக்க ஆரம்பித்தது. மலைக்காற்று குளுகுளுவென்று வருகிறது, எனக்கோ சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. முன்னால் போன பஸ்ஸின் பின்பக்க எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. வளைவில் ஓரங்கட்டிவிட்டேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். வீட்டுக்காரம்மா என் முகத்தைப் பார்த்தவுடன் டேஷ்போர்டைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுத்து வாயில் திணித்தார். ஆறினோம், ஏறினோம். ஆனால் மீதி வளைவுகளை அவர்தான் ஓட்டினார். லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருடம், மலை ஏறியது அன்றுதான் முதல் தடவை.

24 ஜூன்

முந்தாநாள் எழுதியதை மறுபடி படித்தேன். கதை சரி, காரணம் தப்பு.

குற்றம் ஊசி மேல் இல்லை. இந்த ஊசி சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இன்சுலினைத் தூண்டும். தனியாகப் போட்டால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போவது அரிது. நான் கூடவே கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன். அது சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். ஊசி எழுதிய டாக்டர் வேறு, பழைய சுகர் மாத்திரை எழுதியவர் வேறு. ‘வேறு என்ன மாத்திரை?’ என்று இவர் கேட்டபோது ‘மெட்ஃபார்மின்’ என்று மட்டும் சொன்னேன். இன்னொன்று பச்சை மாத்திரை, பெயர் வாயில் வரவில்லை, விட்டுவிட்டேன். பெயர் வராவிட்டால் அட்டையையே எடுத்துப் போகலாம் என்று ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்குத் தோன்றவில்லை.

போய்ச் சொன்னேன், திட்டு வாங்கினேன், கிளிமிபிரைடை நிறுத்தினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், அட்டையோடு போங்கள்.

கடலை மிட்டாயும் தப்பாம். கடலையில் இருக்கும் எண்ணெய், சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஊசியால் வயிறு வேறு மெதுவாகத்தான் காலியாகிறது. இப்போது வண்டியில் குளுக்கோஸ் பொடி இருக்கிறது. அவசரத்துக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாலும் போதும்.

3 ஜூலை

வாந்தி, மலச்சிக்கல், ஏப்பம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சரி, நாகரிகம் பார்க்காமல் எழுதுகிறேன்.

ஊசி போட்ட மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் குமட்டல் அதிகம். 5க்கு ஏறிய முதல் வாரம் அழுகிய முட்டை வாசனையில் ஏப்பம் வந்தது. பட்டறைப் பையன்கள் காஸ் சிலிண்டரைத் திறந்து பார்த்தார்கள். அந்த வாரம்தான் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட்டு சாப்பிட்டேன், எப்போதும்போல மூன்று. இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி. அந்தக் காலத்தில் மூன்று என்பது எனக்கு ஆரம்பம். ராத்திரி பதினோரு மணிக்கு மூன்றும் அப்படியே மேலே வந்தன. எண்ணெய்ப் பண்டம் வயிற்றை விட்டு நகரவே இல்லை.

பாடம் கிடைத்தது. தட்டில் பாதி, மெதுவாக, வயிறு ‘போதும்’ என்றவுடன் கை கழுவுவது. வயிறு சொல்வது கேட்பதே எனக்குப் புது அனுபவம். தண்ணீர் முக்கியம். பசி போகிறபோது தாகமும் போய்விடுகிறது. சேலத்து மே மாத வெயிலில், வாந்தியும் சேர்ந்து, தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீரகத்துக்கு அடி. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன்.

மேல்வயிற்றில் விடாமல் வலித்து முதுகுக்குப் பாய்ந்தால் அது வேறு. அதற்கு ஜெலுசில் குடித்துப் படுக்கக் கூடாது. கணையமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மாம்பழ சீசன் வந்ததும் போனதும் தெரியவில்லை. மல்கோவாவில் பாதிக்கு மேல் இறங்கவில்லை. சேலத்தில் பிறந்து ஒரு மாம்பழத்தைப் பாதியில் வைத்த முதல் ஆள் என்று வீட்டில் பட்டம்.

9 ஜூலை

ஃபிரிட்ஜ். இதில் 3,500 ரூபாய் இழந்தவன் பேசுகிறேன்.

2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெளியே என்றால் 30 டிகிரிக்குள், 21 நாள் வரை தாங்கும். ஏப்ரலில் நம் ஊர் வெயில் 40ஐத் தொடுகிறது, நிழலில்கூட 30 எங்கே? அதனால் கடையிலிருந்து ஐஸ் பையோடு வாங்கி வந்தேன். இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தேன். காலையில் பார்த்தால் கண்ணாடிக்குள் ஐஸ். உறைந்தால் முடிந்தது, உருகினாலும் போடக் கூடாது. எறிந்தேன். கதவுத் தட்டும் வேண்டாம், திறந்து மூடுகிறபோது சூடு ஏறும். நடுத்தட்டில், பெட்டியோடு, தயிருக்குப் பக்கத்தில்.

கடையிலும் கேளுங்கள், மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று. நான் முதலில் போன கடையில் ஊசிப் பெட்டி குளிர்பானங்களோடு கண்ணாடிப் பெட்டியில் நின்றது. திரும்பி வந்துவிட்டேன். பில் தராத இடத்தில் வாங்கவே வேண்டாம். போலிகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன.

10 ஜூலை

‘பல்லி விஷத்தில் செய்ததாமே’ என்று ஒருவர். இல்லை, ஆனால் சொந்தம் உண்டு. அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா என்று விஷப் பல்லி இருக்கிறது. அதன் விஷத்தில் கண்டெடுத்த ஒரு பொருளை வைத்துத்தான் எக்ஸனடைடு என்ற, இந்த வகையின் முதல் மருந்து வந்தது, 2005இல். இப்போதைய ஊசிகள் அதே வேலையைச் செய்யும் வேறு மருந்துகள். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்த்தேன், வயிற்றில் விழுந்தால் எடை குறையும் என்று எங்கும் இல்லை.

10 ஆகஸ்ட்

ஆடி. எங்கள் ஊர் குகைப் பகுதியின் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கைக்கு மச்சான் குடும்பம் வந்தது, வீடு நிறைய ஆள், ஞாயிறு ஊசி மறந்தே போயிற்று. புதன்கிழமைதான் நினைவு. டிர்செபடைட்டுக்கு விதி இது: நாலு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுவிடலாம், தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் போட வேண்டும். எப்படியானாலும் இரண்டு ஊசிக்கு நடுவே 72 மணி நேரம் வேண்டும். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. செமாகுளுடைட்டுக்குக் கணக்கு வேறு, பெட்டித் தாளைப் பாருங்கள். நான் புதன் இரவு போட்டேன், அடுத்தது இன்று ஞாயிறு மாலை, 72 தாண்டிவிட்டது.

மச்சானைப் பற்றி எழுத வேண்டும். நாளை.

13 ஆகஸ்ட்

நாளை என்றேன், மூன்று நாள் ஆயிற்று.

மச்சானுக்கு ஹெர்னியா ஆபரேஷன் குறித்தாயிற்று. அவரும் இந்த ஊசி போடுகிறார் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஆபரேஷன் டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். ‘அது எதுக்குங்க மாப்ள, அது அழகுக்குப் போடுறது’ என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறு வேண்டும். இந்த ஊசியால் முந்தின நாள் சோறு மறுநாளும் வயிற்றில் கிடக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்து நானே கூடப் போய் மயக்க டாக்டரிடம் சொன்னேன். தேதியைத் தள்ளி வைத்து, முந்தின நாள் முழுக்கத் திரவ உணவு மட்டும் என்றார். மச்சான் என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார் போலிருக்கிறது.

31 ஆகஸ்ட்

குப்பிக்குப் பதில் ஊசிப் பேனா வந்துவிட்டது. ஒரே பேனாவில் நாலு வாரத்து மருந்து. குப்பி, சிரிஞ்சு வேலை மிச்சம். ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை மாட்டி, முதலில் கொஞ்சம் வெளியே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். நாலு முடிந்த பிறகும் உள்ளே கொஞ்சம் மருந்து நிற்கும். அதை ஐந்தாவது ஊசியாக ஆக்கப் பார்க்காதீர்கள், எறிய வேண்டியதுதான்.

அம்மாபேட்டைத் தம்பிக்கு மறுபடியும்: முனை மாற்றினாலும் ஒரு பேனாவை இரண்டு பேர் போடக் கூடாது. ரத்தம் பேனாவுக்குள் ஏறலாம். பழைய முனைகளைக் கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுகிறேன். குப்பை அள்ள வருகிற அக்காவின் கையில் குத்தக் கூடாது.

எடை 93.2. வெள்ளி விலை ஏற ஏற நான் இறங்குகிறேன். கடையில் நான்தான் நஷ்டத்தில் ஓடும் சரக்கு.

12 அக்டோபர்

ஒரு மாதமாகப் பெருமையாக இருந்தேன். போன வாரம் பட்டறையில் கம்பி இழுக்கும்போது கை நின்றுவிட்டது. இருபத்தைந்து வருடமாக இழுக்கிற கை. பையன் வந்து இழுத்தான்.

இறங்குகிற எடை எல்லாம் கொழுப்பில்லை, கொஞ்சம் தசையும் போகிறது. ஜூலையில் ‘தட்டில் பாதி’ என்று எழுதினேனே, அந்தப் பாதியில் நான் வைத்தது சோறும் ரசமும். அதைத் திருத்திக்கொள்கிறேன். பாதித் தட்டில் முதலில் முட்டை, கொண்டைக்கடலை, கொள்ளு, மீன், இடமிருந்தால் சோறு. காலையில் காந்தி ஸ்டேடியத்தில் நடப்பது மட்டும் போதாது என்று டாக்டர் சொன்னதால் வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குகிறேன். பேரன் எண்ணுகிறான். பன்னிரண்டுக்கு அப்புறம் அவனுக்கு எண் தெரியாததால் பன்னிரண்டோடு நிற்கிறது.

10 மில்லிகிராமுக்கு ஏறலாமா என்று நானே ஆசைப்பட்டுக் கேட்டேன். 5லேயே இறங்கிக்கொண்டிருக்கும்போது எதற்கு என்றார். ஏற்றுவதானாலும் நாலு வாரத்துக்கு ஒருமுறை இரண்டரை இரண்டரையாகத்தானாம், ஒரே தாண்டலாக இல்லை.

2 நவம்பர்

நிறுத்தினால் என்ன ஆகும்? எனக்குப் பிடிக்காத கேள்வி, அதனால்தான் ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்டேன். செமாகுளுடைட் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை இறங்கியது. நிறுத்தி ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. பிரஷர் மாத்திரை மாதிரி இது, போடுகிறவரைதான். ஏப்ரலில் ஆறு மாதம் போட்டு விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். அந்தக் கணக்கு தப்பு. செமாகுளுடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிகிறது, அப்புறம் உள்ளூர் மருந்துகள் வரும், விலை இறங்கும் என்கிறார்கள். விலை இறங்கட்டும். சீட்டில்லாத கடையும் அப்போது அதிகமாகும்.

9 நவம்பர்

அம்மாபேட்டைத் தம்பி எழுதியிருக்கிறான். ஒருவழியாக டாக்டரிடம் போயிருக்கிறான். குடும்பத்தில் தைராய்டு என்று கேட்டதும், அம்மாவுக்குப் பதினைந்து வருடம் முன்பு கழுத்தில் ஆபரேஷன் நடந்தது நினைவுக்கு வந்திருக்கிறது. என்ன வகைக் கட்டி? வீட்டில் யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட் கொண்டு வந்தால்தான் சீட்டு என்று அனுப்பிவிட்டார். பீரோவைக் கவிழ்த்துத் தேடியதில், கல்யாணப் பத்திரிகைக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே மடித்த காகிதம் கிடைத்ததாம். பாப்பில்லரி என்று எழுதியிருக்கிறது. மெடுல்லரி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் எழுதியிருக்கிறார். 2.5 மில்லிகிராம், பேனா ஒன்று, அவன் பெயருக்கு மட்டும்.

இவ்வளவுக்கும் அப்புறம் அவன் கேட்டிருப்பது: ‘அண்ணா, வலிக்குமா?’

எறும்பு கடித்த மாதிரி. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிற்றில், இல்லையென்றால் தொடையில், வாரா வாரம் இடம் மாற்றி. போன ஞாயிறு எனக்கு வலது தொடை. இன்று இடது.